தங்கையைப் படிக்க வைக்கலாமா?

அன்புள்ள ஐயா,

வணக்கம். பள்ளிபாளையத்தில் விசைத்தறிக் குடும்பம் எங்களுடையது. 2019இல் மெக்கானிக்கல் முடித்தேன். வீட்டில் நான்தான் முதல் பட்டதாரி. இப்போது மொபைல் கடையில் 14,000 ரூபாய் சம்பளம். கல்விக்கடன் இன்னும் தீரவில்லை. பத்தாவதோடு நின்ற என் நண்பன் தறி ஓட்டி என்னைவிட அதிகம் வாங்குகிறான். தங்கை பிளஸ் டூ முடித்திருக்கிறாள். "உன்னைப் படிக்க வைத்ததே போதும்" என்கிறார் அப்பா. அவளைக் கல்லூரிக்கு அனுப்பத்தான் வேண்டுமா?

செந்தில்

அன்புள்ள செந்தில்,

நண்பரின் கூலி இன்றைய கூலி. அப்பா முப்பது வயதில் எத்தனை தறி பார்த்தார், இப்போது எத்தனை பார்க்கிறார் என்று அவரையே கேட்டுப் பாருங்கள். என் மாமா குமாரபாளையத்தில் தறி ஓட்டியவர். எட்டுத் தறி பார்த்த மனிதர், ஐம்பதைத் தாண்டியதும் காது மந்தமாகி, முழங்கால் வீங்கி, நான்குக்கு வந்தார். கூலியும் பாதியானது. எதிரில் உட்கார்ந்து பேசினாலும் தறிச் சத்தத்துக்கு மேல் கத்துவதுபோலத்தான் பேசுவார். உடம்பை நம்பிய வருமானம் உடம்போடு இறங்கிவிடும். படிப்பு கேட்கும் வேலையில் தொடக்கத்தில் குறைவாகக் கிடைத்தாலும் அனுபவம் சேரச் சேர ஏறும்.

அப்படி ஏறுகிற வேலை உங்களுக்குக் கிடைக்கவில்லை. அது உங்கள் குற்றமில்லை. தமிழ்நாட்டில் ஐந்நூறுக்கும் மேற்பட்ட பொறியியல் கல்லூரிகள் முளைத்தன. ஆட்கள் குவிந்தார்கள். பெரிய மென்பொருள் நிறுவனங்களிலேயே புதிதாகச் சேர்பவர்களின் சம்பளம் பத்தாண்டுக்கும் மேலாக ஆண்டுக்கு மூன்று, மூன்றரை லட்சத்தில் நின்றுவிட்டது. அரசு வேலைக்கான 2022 குரூப் 4 தேர்வுக்குப் பத்தாவது தேறியிருந்தால் போதும். அறிவித்தது 7,301 இடங்கள், விண்ணப்பித்தவர்கள் ஏறத்தாழ 22 லட்சம் பேர். உங்களைப் போன்ற பட்டதாரிகள் எத்தனையோ பேர் அந்த வரிசையில் நின்றார்கள்.

கோவைப் பக்கம் பட்டறைகளில் சி.என்.சி. வேலை, அதாவது கணினி மூலம் இயங்கும் எந்திரங்களில் வேலை, கற்றுக்கொள்ள முடியுமா பாருங்கள். முதலில் கடைச் சம்பளத்தைவிடக் குறையலாம். ஆனால் உங்கள் படிப்புக்கு அங்கே வேலை இருக்கிறது.

தங்கையை அனுப்புங்கள். அப்பா பயப்படுவது இன்னொரு கடனுக்கு. அந்தப் பயம் நியாயமானது. வீட்டில் நீங்கள் ஏற்கெனவே பட்டதாரி என்பதால் முதல் பட்டதாரிக்கான கட்டணச் சலுகை அவளுக்குக் கிடைக்காது. ஆனால் ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படித்தவளென்றால் பொறியியலிலும் 7.5 சதவீத ஒதுக்கீடு உண்டு. அதில் இடம் கிடைத்தால் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம் இரண்டையும் அரசே கட்டுகிறது. இல்லாவிட்டால் அரசுக் கலைக் கல்லூரியில் பி.காம். சேர்க்கலாம், கடன் வாங்கும் அளவுக்குச் செலவாகாது. அரசுப் பள்ளி மாணவி எந்தப் பட்டப்படிப்பில் சேர்ந்தாலும் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் அவள் கணக்குக்கே வரும்.

கல்லூரி வாசலில் தொங்கும் வேலைவாய்ப்பு பேனரை நம்ப வேண்டாம். சாயங்காலம் அந்தக் கல்லூரி பஸ் ஸ்டாப்பில் போய் நின்று, கடைசி வருடப் பிள்ளைகளிடம் போன வருட செட்டில் யார் யாருக்கு வேலை கிடைத்தது, என்ன வேலை, என்ன சம்பளம் என்று கேளுங்கள். தங்கையையும் கூட்டிக்கொண்டு போங்கள். அவளே கேட்கட்டும்.