சென்னையில் இளையோர் தொண்டு: கேள்வி பதில்

மரம் நடுதல், ஏரிச் சீரமைப்பு, மறுகுடியமர்வுக் குடியிருப்புகளில் மாலை வகுப்பு ஆகிய பணிகளில் இளைஞர்களை ஒருங்கிணைத்து வரும் தன்னார்வலர் ஒருவர், நம் வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு அளித்த விடைகள் இவை.

கேள்வி (கல்லூரி மாணவி, வேளச்சேரி): உலகச் சுற்றுச்சூழல் நாளான ஜூன் 5 அன்று பள்ளிக்கரணை சதுப்பு நிலத்தை ஒட்டி 500 மரக்கன்றுகள் நட எங்கள் மன்றம் முடிவு செய்திருக்கிறது. எந்த வகைக் கன்றுகளை வாங்கலாம்?

பதில்: கன்றுகளைப் பற்றிப் பேசுமுன் நாளையும் இடத்தையும் மாற்றிக்கொள்ளுங்கள். ஜூன் முதல் வாரத்தில் சென்னையில் கத்திரி வெயில் முடிந்திருக்கும். ஆனால் சூடு தணிந்திருக்காது. நமக்குப் பெருமழை தரும் வடகிழக்குப் பருவமழை அக்டோபரில்தான் தொடங்குகிறது. அதுவரை நாள்தோறும் தண்ணீர் ஊற்ற ஆள் இல்லையென்றால், விழாவில் நட்ட கன்றுகளில் பெரும்பாலானவை கல்லூரி திறந்து சில வாரங்களிலேயே கருகிவிடும். செப்டம்பர் கடைசியில் நட்டால் வேர் பிடிக்கும் பொறுப்பை மழையே ஏற்றுக்கொள்ளும். நாள்காட்டியைப் பார்த்து மரம் நடும் வழக்கத்தை நம் கல்லூரிகள் எப்போது கைவிடுமோ தெரியவில்லை.

இடத்தைப் பொறுத்தவரை, பள்ளிக்கரணை, உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களுக்கான ராம்சர் பட்டியலில் 2022ஆம் ஆண்டில் இடம்பெற்ற கழுவெளி. தென்சென்னையின் ஏரிகளிலிருந்து வழியும் மழைநீரை வாங்கித் தேக்கி, ஒக்கியம் மடுவு வழியாக மெல்லக் கடலை நோக்கி அனுப்புவது அதன் வேலை. பூநாரையும் தாழைக்கோழியும் அங்கு வருவது திறந்த நீர்ப்பரப்புக்காகவும் கோரைக்காகவுமே தவிர, மர நிழலுக்காக அல்ல. அங்கே தோப்பு வளர்ப்பது அந்த நிலத்தின் இயல்பைக் கெடுப்பதாகும். உங்களுக்கு அந்த இடத்தின் மீது உண்மையான அக்கறை இருந்தால், அதன் விளிம்பில் எங்கெல்லாம் கட்டட இடிபாடுகள் கொட்டப்படுகின்றன என்று நாள், இடம், படம் ஆகியவற்றுடன் பதிவு செய்து வனத்துறைக்கும் மாநகராட்சிக்கும் எழுதுங்கள். பார்வைக்கு எடுப்பாக இராது. ஆனால் சதுப்பு நிலத்துக்கு இன்று தேவைப்படும் தொண்டு அதுதான்.

மரம் நட அரசுப் பள்ளி வளாகங்களை நாடுங்கள். புங்கை, பூவரசு, நாவல், இலுப்பை ஆகியவை நம் மண்ணுக்கு ஏற்றவை. 2016 டிசம்பரில் வர்தா புயல் அடித்தபோது குல்மொகர் போன்ற அழகு மரங்கள் தெருத்தெருவாகச் சாய்ந்து கிடந்ததை உங்கள் பெற்றோர் நினைவில் வைத்திருப்பார்கள். 500 கன்றுகளுக்கு ஆகும் செலவில் 50 கன்றுகளை வாங்கி, மீதிப் பணத்தைக் கூண்டுக்கும் இரண்டு கோடைக்கான தண்ணீருக்கும் ஒதுக்குங்கள்.

கேள்வி (மென்பொருள் பணியாளர், சோழிங்கநல்லூர்): எங்கள் அலுவலக நண்பர்கள் முறை வைத்துக்கொண்டு, வாரம் ஒரு குழுவாகச் சனிக்கிழமை காலையில் பெரும்பாக்கம் மறுகுடியமர்வுக் குடியிருப்பின் குழந்தைகளுக்கு வகுப்பு எடுக்க விரும்புகிறோம். எப்படித் தொடங்குவது, ஐயா?

பதில்: அந்தக் குடியிருப்பு எப்படி உருவானது என்பதைத் தெரிந்துகொள்வதிலிருந்து தொடங்க வேண்டும். கூவம், அடையாறு கரைகளில் தலைமுறைகளாக வாழ்ந்த குடும்பங்கள், குறிப்பாக 2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு, ஆற்றைச் சீரமைக்கவும் வெள்ள அபாயத்திலிருந்து காக்கவும் என்று சொல்லி அங்கே குடியமர்த்தப்பட்டன. அதற்கு முன்பே கண்ணகி நகரும் செம்மஞ்சேரியும் இவ்வாறு உருவாகியிருந்தன. ஆற்று வெள்ளத்திலிருந்து காப்பதாகக் கூறி அகற்றப்பட்டவர்கள், கனமழை பெய்தால் தண்ணீர் சூழும் தாழ்நிலத்துக்கு, அதுவும் சதுப்பு நிலத்தின் பக்கத்துக்கே வந்து சேர்ந்தார்கள். சுற்றுச்சூழல் பணி வேறு, ஏழைகளுக்கான பணி வேறு என்று இந்த நகரத்தில் பிரித்துப் பேச முடியாது என நான் கருதுவதற்கு இதுவே காரணம்.

இந்த வரலாறு உங்கள் வகுப்பின் நேரத்தையும் தீர்மானிக்கும். வீட்டு வேலைக்கும் கடை வேலைக்கும் பழைய பகுதிகளுக்கே செல்லும் தாய்மார்கள் விடியற்காலையில் பேருந்து ஏறி, இருட்டிய பிறகுதான் திரும்புகிறார்கள். பிள்ளைகள் தனித்திருக்கும் மாலை ஆறு மணி முதல் எட்டு மணி வரையே உண்மையில் ஆள் வேண்டிய நேரம். சனிக்கிழமைக் காலை உங்களுக்குத்தான் வசதி, அவர்களுக்கு அல்ல.

வாரத்துக்கு ஒரு குழு என்னும் ஏற்பாட்டை நான் ஏற்கமாட்டேன். எட்டாம் வகுப்புப் படிக்கும் பையன் பாடத்தின் கேள்வி பதிலை மனப்பாடமாக ஒப்பிப்பான். ஆனால் கணக்கில் நான்கு வரி வாசகத்தைக் கொடுத்தால் எழுத்துக் கூட்டி வாசிக்கத் திணறி, கூட்டுவதா பெருக்குவதா என்று உங்கள் முகத்தைப் பார்ப்பான். அந்தப் பார்வைக்கு என்ன பொருள் என்பது, அடுத்த வாரமும் அவன் எதிரில் உட்காருகிறவருக்குத்தான் புரியும். ஆகவே இருபது பேர் மாறி மாறி வருவதைவிட, வாரம் இரண்டு மாலைகள் அதே இரண்டு பேர், ஜூன் முதல் ஆண்டுத் தேர்வு முடியும் வரை வருவது மேல். அந்தக் குடியிருப்புகளிலேயே கல்லூரி முடித்த இளைஞர்கள் சிலர் ஏற்கெனவே பாடம் சொல்லித் தருகிறார்கள். 2021இல் தொடங்கிய இல்லம் தேடிக் கல்வித் திட்டமும் பகுதித் தன்னார்வலர்களை நம்பியே நடந்தது. அவர்களைத் தேடிப்பிடித்து, அவர்களுக்குத் துணையாகச் சேருங்கள். தனிப் பெயர்ப்பலகை வேண்டாம். பெற்றோரின் இசைவு இல்லாமல் குழந்தைகளைப் படம் எடுக்கவும் வேண்டாம்.

கேள்வி (முதலாண்டு மாணவர், அம்பத்தூர்): தொண்டுக்குச் சான்றிதழ் கிடைக்குமா?

பதில்: கிடைக்கும். உங்கள் கல்லூரியின் நாட்டு நலப்பணித் திட்டத்தில் சேருங்கள். 1969இல் தொடங்கிய அத்திட்டத்தில் ஆண்டுக்கு 120 மணி நேரம் என இரண்டு ஆண்டுகளில் 240 மணி நேரப் பணியும், ஏழு நாள் சிறப்பு முகாமும் உண்டு.

கேள்வி (பதினோராம் வகுப்பு மாணவியின் தாய், பெசன்ட் நகர்): இரவில் கடல் ஆமை முட்டைகளைச் சேகரிக்கும் குழுவுடன் செல்ல என் மகள் விரும்புகிறாள். அனுப்பலாமா?

பதில்: நீங்களும் உடன் சென்றால் தாராளமாக அனுப்பலாம். 1988 முதல் மாணவர்களைக் கொண்டே இயங்கும் கடல் ஆமைப் பாதுகாப்பு அமைப்பு, பங்குனி ஆமைகள் முட்டையிடும் ஜனவரி முதல் ஏப்ரல் வரையான பருவத்தில், நீலாங்கரைக்கும் பெசன்ட் நகருக்கும் இடையே நள்ளிரவில் கடற்கரையில் நடந்து முட்டைகளைத் தேடுகிறது. பொதுமக்களும் உடன் செல்ல வாய்ப்பளிக்கிறது. முட்டைகளைப் பயிற்சி பெற்றவர்கள் மட்டுமே எடுத்துப் பொரிப்பகத்தில் புதைப்பார்கள். ஏறத்தாழ 45 முதல் 60 நாட்களில் குஞ்சுகள் வெளிவரும். 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இந்த ஆமைக்கு உச்சப் பாதுகாப்பு அளிப்பதால், அனுமதியின்றி முட்டையைத் தொடுவதுகூடக் குற்றமாகிவிடும். டார்ச் அடிப்பதும் கூடாது. கடல்பக்கத்து ஒளியை நோக்கி நகரும் இயல்புள்ள குஞ்சுகள், தெருவிளக்கைக் கண்டே கரைப்பக்கம் திரும்பிவிடுகின்றன. கடற்கரையை ஒட்டிய உங்கள் குடியிருப்பில் அந்த மாதங்களில் வெளி விளக்குகளை அணைக்கச் செய்தால் அதுவும் ஒரு பணிதான். செருப்பும் குடிநீரும் மறவாதீர்கள். பல கிலோமீட்டர் மணலில் நடக்க வேண்டியிருக்கும்.

கேள்வி (இளைஞர் மன்றச் செயலாளர், கொளத்தூர்): எங்கள் பகுதிக் குளத்தைச் சுத்தம் செய்யும்போது கவனிக்க வேண்டியவை எவை?

பதில்: தடித்த கையுறையும் மூடிய காலணியும் இல்லாமல் ஒருவரையும் கரையில் இறக்காதீர்கள், குப்பையில் ஊசியும் உடைந்த கண்ணாடியும் இருக்கும். எலிக்காய்ச்சல் பரவும் என்பதால், காலில் புண் உள்ளவர்கள் தண்ணீரில் இறங்கக் கூடாது. கழிவுநீர்த் தொட்டியிலோ ஆள்நுழை குழியிலோ யாரும் இறங்கக் கூடாது. பாதுகாப்புக் கருவிகள் இல்லாமல் இறக்குவதை, கையால் கழிவகற்றுவதைத் தடுக்கும் 2013ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது, விஷவாயுவோ சட்டத்துக்குக் காத்திராது. எடுத்த குப்பையை ஏற்றிச்செல்ல மாநகராட்சி வண்டி வருவதை முன்பே உறுதி செய்துகொள்ளுங்கள். இல்லையேல் கரையில் குவித்த ஆகாயத்தாமரை அடுத்த மழையில் மீண்டும் குளத்துக்கே போய்விடும்.

கேள்வி (பட்டதாரி, முடிச்சூர்): வெள்ளக் காலத்தில் பழைய துணிகளைத் திரட்டிக் கொடுத்தோம், பாதி வாங்கப்படாமலே கிடந்தது. வேறு என்ன செய்திருக்க வேண்டும்?

பதில்: கேட்டுவிட்டுத் திரட்டியிருக்க வேண்டும். முதல் இரண்டு நாட்களில் சமைத்த உணவும் குடிநீரும் தேவை. பிறகு பாய், போர்வை, சானிட்டரி நாப்கின், பிளீச்சிங் பவுடர், அடுப்பு, பள்ளிப் புத்தகம் என்று தேவை மாறிக்கொண்டே போகும். இவற்றையெல்லாம்விட நீண்ட நாள் வாட்டுவது ஆவணங்களின் இழப்பு. 2015லும் 2023லும் ரேஷன் அட்டை, ஆதார், மதிப்பெண் சான்றிதழ் ஆகியவற்றைத் தண்ணீருக்குக் கொடுத்த குடும்பங்கள், நிவாரணத் தொகைக்கும் கல்லூரிச் சேர்க்கைக்கும் அலைய நேர்ந்தது. பட்டதாரியான நீங்கள் இ-சேவை மையத்துக்கு உடன் சென்று படிவத்தை நிரப்பி, மனு எழுதி, ஒப்புகைச் சீட்டு வாங்கித் தரலாம். ஒரு குடும்பத்துக்கு ஒரு முழுநாள் ஆகலாம். இப்போதே செய்யக்கூடியதும் ஒன்று உண்டு. மழைக்கு முன்னால் உங்கள் தெருவில் தரைத்தள வீடுகளுக்குச் சென்று, ஆவணங்களைத் தண்ணீர் புகாத உறையில் போட்டு உயரத்தில் வைக்கச் சொல்லுங்கள். அவர்கள் விரும்பினால் அவர்களுடைய கைப்பேசியிலேயே, ஆவணங்களை மின்வடிவில் சேமிக்கும் அரசுச் சேவையான டிஜிலாக்கரில் கணக்குத் தொடங்கிக் கொடுங்கள். கடவுச்சொல்லை நீங்கள் வைத்துக்கொள்ளாதீர்கள்.