டாக்டர் பதில்கள்: நின்றால் போய்விடும் நெஞ்சு இறுக்கம்

கேள்வி: டாக்டர், என் வீட்டுக்காரருக்கு 52 வயது. ரப்பர் பால் வெட்டும் தொழில். சர்க்கரை உண்டு. ஒரு வாரமாக, விடியற்காலையில் மேடு ஏறும்போது நெஞ்சு இறுக்கிப் பிடிக்கிறது, இடது தோள் கனக்கிறது என்கிறார். கொஞ்சம் நின்றால் சரியாகிவிடுகிறதாம். கேஸ்தான் என்று சுக்கு காப்பி குடித்துவிட்டு மறுபடியும் போகிறார். மழை தொடங்கி வெட்டு நின்றதும் ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்கிறார். என்ன செய்ய?
வாசகி, குலசேகரம்

பதில்: சகோதரி, கடிதம் வந்த அன்றே உங்களிடம் போனில் சொன்னதைத்தான் மற்றவர்களுக்காக இங்கே எழுதுகிறேன். மழை வரைக்கும் காத்திருக்கக் கூடாது.

நின்றால் போய்விடுகிறது என்பதை அவர் ஆறுதலாக எடுத்துக்கொள்கிறார். எனக்கு அதுதான் கவலை. ஏறும்போது இதயத்துக்குக் கூடுதல் ரத்தம் வேண்டும். குழாய் சுருங்கியிருந்தால் அது போதாமல் இறுக்கம் வரும், நின்றதும் அடங்கும். கேஸ் மேட்டைப் பார்த்து வராது. அதுவும் ஒரு வாரமாகப் புதிதாக வந்திருக்கிறது என்றால் இன்றைக்கே ஈசிஜி எடுக்க வேண்டும். முதல் ஈசிஜி நன்றாக இருந்தாலும் அதோடு விடாமல் டாக்டர் சொல்கிறபடி மறுபடியும் எடுக்க வேண்டும்.

சும்மா இருக்கும்போதே இறுக்கம் வந்து பத்து நிமிடத்தில் அடங்கவில்லையா, வியர்க்கிறதா? 108-ஐக் கூப்பிடுங்கள். பைக்கில் பின்னால் உட்கார வைத்துக் கொண்டுபோகாதீர்கள். ஆசாரிப்பள்ளம் மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி உங்களுக்குத் தூரம்தான். ஆனால் 2023 முதல் ‘இதயம் காப்போம்’ திட்டத்தில் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே ஆஸ்பிரின், குளோபிடோக்ரல் (இரண்டும் ரத்தம் உறைவதைத் தடுப்பவை), அட்டோர்வாஸ்டாடின் (கொழுப்பைக் குறைப்பது) மாத்திரைகளின் முதல் டோஸைக் கொடுத்து மேலே அனுப்புகிறார்கள். ஆஸ்பிரின் சின்ன மாத்திரைதானே என்று நினைக்க வேண்டாம். 1988-இல் வெளியான ஒரு பெரிய ஆய்வில், மாரடைப்பு என்று சந்தேகப்பட்ட 17,187 பேரில், அதைச் சாப்பிட்டவர்களிடையே ஐந்து வாரத்துக்குள் நேர்ந்த இதய, ரத்தக்குழாய் மரணங்கள் 23 சதவீதம் குறைவு.

இன்னொன்று. தோட்டத்துக்குப் போகிறவர்களும் மீன் விற்கப் போகும் அம்மாக்களும்தான் என்னிடம் ரொம்பத் தாமதமாக வருகிறார்கள். எப்போது தொடங்கியது என்று கேட்டால் “நேத்து ராத்திரி” என்பார்கள். வேலையைப் பாதியில் விட மனசு வராது. அறிவுரை சொன்னால் மாறுவார்களா? 1990-களில் அமெரிக்காவில் 20 ஊர்களை எடுத்து, பாதி ஊர்களில் 18 மாதம் பிரசாரம் செய்து பார்த்தார்கள். ஆம்புலன்ஸைக் கூப்பிடுவது கூடியது. ஆனால் நோயாளிகள் வந்து சேரும் நேரம் மற்ற ஊர்களைவிடக் குறையவில்லை. அதனால்தான் நான் பக்கத்தில் இருப்பவரிடம் பேசுகிறேன். முடிவை அவரிடம் விடாதீர்கள் சகோதரி, நீங்கள் எடுங்கள்.

கேள்வி: எனக்கு 21 வயது. கால்பந்து ஆடும்போது முழங்கால் ‘டக்’கென்று திரும்பி, அன்றைக்கே வீங்கிவிட்டது. சுளுக்கு பார்க்கும் ஆசானிடம் எண்ணெய் போட்டுக் கட்டினேன். வீக்கம் வற்றிவிட்டது, ஆனால் திரும்பி ஓடினால் கால் வழுக்கிப் போகிறது. அடுத்த மாதம் போட்டி. ஆடலாமா?
வாசகர், தூத்தூர்

பதில்: ஆடக் கூடாது தம்பி. நம் ஆசான்மார்களின் கை எத்தனையோ சுளுக்கைச் சரிசெய்திருக்கிறது. ஆனால் சத்தம் கேட்டு, சில மணி நேரத்தில் வீங்கி, பிறகு கால் பிடி விட்டுப் போகிறதென்றால் உள்ளே மூட்டைப் பிடித்து நிறுத்தும் ஏசிஎல் தசைநார் அறுந்திருக்கலாம். எலும்பு மூட்டு டாக்டர் கையால் சோதித்து, எம்ஆர்ஐ பார்த்துச் சொல்வார்.

ஆபரேஷன் பயத்தில் டாக்டரைப் பார்ப்பதைத் தள்ளிப்போடாதே. 2010-இல் வெளிவந்த சுவீடன் ஆய்வில், ஏசிஎல் அறுந்த, விளையாடும் வயதுள்ள 121 பேரில் ஒரு பாதிக்கு உடனே ஆபரேஷன். மறு பாதிக்கு முதலில் பயிற்சி, தேவைப்பட்டால் மட்டும் ஆபரேஷன். இரண்டு வருடம் கழித்து இரு பக்கமும் முழங்கால் ஒரே அளவுக்குத்தான் இருந்தது. இரண்டாம் பாதியில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு அதுவரை ஆபரேஷனே தேவைப்படவில்லை. ஆனால் அவர்கள் சும்மா இருக்கவில்லை, பிசியோதெரபிஸ்ட் மேற்பார்வையில் மாதக்கணக்காகத் தொடைத் தசையைப் பலப்படுத்தினார்கள். பிடியில்லாத காலோடு ஆடினால் மெனிஸ்கஸ் ஜவ்வும் கிழியும், அப்புறம் தேய்மானம் சீக்கிரம் வரும். ஏசிஎல் அறுந்த பெண் கால்பந்து வீராங்கனைகளை 12 வருடம் கழித்துப் பார்த்தபோது, சராசரி 31 வயதிலேயே ஏறத்தாழ பாதிப் பேருக்கு எக்ஸ்ரேயில் தேய்மானம் தெரிந்தது.

கேள்வி: தினமும் காலையில் ஓடினால் மூட்டு தேயுமா?
வாசகர், குளச்சல்

பதில்: மிதமாக ஓடினால் பயம் வேண்டாம் ஐயா. 2017-இல் பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்ததில், உடல்நலத்துக்காக ஓடுகிறவர்களில் 3.5 சதவீதத்தினருக்கும் ஓடாதவர்களில் 10.2 சதவீதத்தினருக்கும் இடுப்பு அல்லது முழங்கால் தேய்மானம் இருந்தது. போட்டிக்காக ஓடுகிறவர்களுக்கு 13.3. முழங்காலில் பழைய அடி இல்லையென்றால் ஓடுங்கள். மறுநாளும் வலியோ வீக்கமோ இருந்தால் தூரத்தைக் குறையுங்கள்.