கடைசி இரண்டு நாளில் வேலையெல்லாம் டெஸ்டிங்கில் குவிகிறது என்றால்

ஆறு டெவலப்பர், ஒரு டெஸ்டர், ஒவ்வொரு ஸ்பிரிண்டிலும் (சில வார வேலைச் சுற்று) பாதி ஸ்டோரி (தனியாக முடித்துத் தரும் சிறு வேலை) அடுத்ததற்குத் தள்ளிப்போகிறது, மேனேஜர் எஸ்டிமேட்டைத் துல்லியமாகப் போடச் சொல்கிறார் என்கிறீர்கள். எஸ்டிமேட்டை விடுங்கள், சிக்கல் அங்கே இல்லை. முதல் நாளே ஆளுக்கொரு ஸ்டோரியை எடுத்தால் ஆறும் கிட்டத்தட்ட ஒன்றாக முடிந்து, கடைசியில் அந்த ஒரு டெஸ்டர் தலையில்தான் விழும். அமெரிக்கப் பேராசிரியர் ஜான் லிட்டில் 1961-இல் நிரூபித்த விதி இதற்கு நன்றாகப் பொருந்தும்: ஒரு வேலை முடிய ஆகும் சராசரி நேரம் என்பது, நடந்துகொண்டிருக்கும் வேலைகளின் எண்ணிக்கையை அவை முடியும் வேகத்தால் வகுத்தால் வருவது. வேகத்தை உடனே கூட்ட முடியாது, எண்ணிக்கையை நாளைக்கே குறைக்கலாம்.

ஒரே நேரத்தில் மூன்று ஸ்டோரிக்கு மேல் வேண்டாம், ஒன்றுக்கு இரண்டு பேர். மூன்றும் ஓடும்போது யாராவது சும்மா இருந்தால் புதிதாக எடுக்காமல், ரிவியூவுக்காக, அதாவது இன்னொருவர் சரிபார்ப்பதற்காக, காத்திருப்பதைப் பார்க்கட்டும், இல்லை டெஸ்டிங்கில் கைகொடுக்கட்டும் (டெவலப்பர் டெஸ்ட் செய்வது கௌரவக் குறைச்சல் இல்லை, ஆனால் தான் எழுதிய புரோகிராமைத் தானே டெஸ்ட் செய்ய வேண்டாம்). டெஸ்டரைப் புரோகிராம் எழுதும் முன்பே கூப்பிட்டு, என்னென்ன சோதிப்பார் என்று கேட்டுவிடுங்கள், பல பிழைகள் அங்கேயே அடிபடும்.

அப்புறம் ஸ்டாண்டப், அதாவது தினமும் நடக்கும் குறுங்கூட்டம். 'நேற்று என்ன செய்தேன், இன்று என்ன செய்வேன், என்ன தடை' என்று வரிசையாக ஒப்பிக்கும் அந்த மூன்று கேள்விகள் ஸ்க்ரம் என்னும் இந்த ஸ்பிரிண்ட் முறையின் 2020 கையேட்டிலேயே இல்லை. எந்த வேலை எந்த நிலையில் என்று காட்டும் போர்டில் முடியும் தறுவாயில் இருப்பதிலிருந்து தொடங்கி, இதை இன்று முடிக்க என்ன தடை என்று மட்டும் கேளுங்கள். மேனேஜரிடம் வாதாட வேண்டாம், ஒவ்வொரு ஸ்டோரியும் டெஸ்டிங்குக்குப் போன தேதியைக் காட்டுங்கள், எங்கே குவிகிறது என்று அவருக்கே தெரியும்.