வசதி குறைந்த நாட்டில் இதய அறுவை சிகிச்சைப் பிரிவை எங்கிருந்து தொடங்குவது?

அறுவை அரங்கும் இதய-நுரையீரல் இயந்திரமும் வாங்கிவிட்டால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். ஆட்களை உருவாக்குவதுதான் பெரிய வேலை. அறுவை மருத்துவர், மயக்க மருத்துவர், அந்த இயந்திரத்தை இயக்கும் பெர்ஃபியூஷனிஸ்ட், தீவிர சிகிச்சைச் செவிலியர்கள் எல்லோரும் ஒரே குழுவாகப் பழகப் பல ஆண்டுகள் பிடிக்கும். வெளிநாட்டுக் குழு அவ்வப்போது வந்து அறுவை செய்வது சில உயிர்களைக் காக்கும். உள்ளூர் மருத்துவர் தானே கத்தியைப் பிடிக்காதவரை அது நிலையான பிரிவாக வளராது. வளரும் நாடுகளில் இதய அறுவை கிடைக்கச் செய்வது பற்றிய 2018 கேப் டவுன் பிரகடனமும் உள்நாட்டுத் திறனைத்தான் வலியுறுத்தியது.

இந்நாடுகளில் இளவயதினரை வாட்டுவது ருமாட்டிக் இதய நோய்; தொண்டைத் தொற்றைத் தொடர்ந்து வரும் காய்ச்சலால் இதய வால்வுகள் கெடும் நோய் இது. உலோக வால்வு பொருத்தினால் ரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின் மாத்திரை வாழ்நாள் முழுக்க வேண்டும்; அதன் அளவு சரியா என்று பார்க்க, ரத்தம் உறையும் வேகத்தை அளக்கும் ஐஎன்ஆர் பரிசோதனையும் அடிக்கடி வேண்டும். ஊருக்கு அருகில் அந்தப் பரிசோதனை கிடைக்காவிட்டால், வால்வில் ரத்தம் உறைந்தோ உடலுக்குள் ரத்தம் கசிந்தோ நோயாளி இறக்கலாம். கருவுற்ற பெண்ணுக்கு வார்ஃபரின் சிசுவையும் பாதிக்கும். அதனால் முடிந்தவரை வால்வை மாற்றாமல் சீர்செய்யும் பயிற்சிக்கே முதலிடம் கொடுப்பேன்.

சூடானின் கார்ட்டூமில் 'எமர்ஜென்சி' என்ற இத்தாலிய அமைப்பு 2007இல் திறந்த சலாம் மையம் இலவசமாகவே அறுவை செய்தது. நோயாளியிடம் வாங்காவிட்டால் பணத்தை யார் தருவது என்பதை முதல் அறுவைக்கு முன்பே முடிவுசெய்யுங்கள். கூடவே, மூன்று நான்கு வாரங்களுக்கு ஒருமுறை போடும் பென்சிலின் ஊசித் திட்டத்தையும் தொடங்குங்கள். அது ருமாட்டிக் காய்ச்சல் திரும்பத் திரும்ப வந்து இதய நோய் முற்றாமல் தடுக்கும்.