பல் உடைந்த லேத் கியருக்கு வெல்டு வைக்கலாமா?

கேள்வி: பழைய லேத்தில் பேக் கியரின் (வேகத்தைக் குறைத்து இழுவையைக் கூட்டும் பற்சக்கரங்கள்) பெரிய சக்கரத்தில் அடுத்தடுத்து இரண்டு பல் உடைந்துவிட்டது. வெல்டு வைத்து ஓட்டலாமா, புதுச் சக்கரம்தான் போட வேண்டுமா?

வெல்டு வைக்காதீர்கள். புதுச் சக்கரத்துக்கும் இப்போதே அட்வான்ஸ் கொடுக்காதீர்கள். முதலில் லேத்தை நிறுத்துங்கள். இரண்டு பல்தானே, மெதுவாக ஓட்டிக்கொள்ளலாம் என்று நினைத்தால் அதுதான் பெரிய தப்பு. பல் இல்லாத இடம் வரும்போது எதிர்ச் சக்கரம் வெறுமையில் நழுவி அடுத்த பல்லின் மேல் சுத்தியல் அடிபோல் விழும். வார்ப்பிரும்பு அடி தாங்காது. இரண்டு நான்காகும்.

எப்படி உடைந்தது என்று நீங்கள் எழுதவில்லை. என்னால் ஊகிக்க முடிகிறது. வேலைத்துண்டைப் பிடிக்கும் சக், ஸ்பிண்டிலில் (அதைச் சுழற்றும் தண்டில்) இறுகிப் போயிருக்கும். கழற்றுவதற்காக, புல்லியையும் பெரிய சக்கரத்தையும் சேர்க்கும் லாக் பின்னை எடுக்காமலே பேக் கியரையும் சேர்த்துப் போட்டிருப்பீர்கள். அப்படிப் போட்டால் ஸ்பிண்டில் பூட்டிக்கொண்டு அசையாது. அப்புறம் சக்கின் தாடையில் கம்பி கொடுத்து ஒரு அடி. அந்த அடி மொத்தமும் ஒன்றிரண்டு பற்களின் மேல்தான் இறங்கும். நீங்கள் செய்யாவிட்டாலும் பட்டறையில் வேறு யாராவது செய்திருப்பார்கள். குற்றம் சொல்வதற்காக இதைச் சொல்லவில்லை. 2003 மே மாதம் நான் செய்ததும் இதேதான்.

எங்கள் பட்டறை கொருக்குப்பேட்டையில் ஒரு சந்துக்குள் இருக்கிறது. பாதிக்கு மேல் காசிமேட்டு விசைப்படகு வேலை. புரொப்பல்லர் ஷாஃப்ட், கன்மெட்டல் புஷ், கப்ளிங், இப்படி. மீன்பிடித் தடைக்காலம் இப்போது 61 நாள். அப்போது 45 நாள்தான், ஏப்ரல் 15-லிருந்து மே 29 வரை. கடலுக்குப் போகாத அந்த நாட்களில்தான் எல்லாப் படகும் ரிப்பேருக்கு வரும். தடை முடிகிற கடைசிப் பத்து நாளில் பட்டறையில் நிற்க இடம் இருக்காது. ஒவ்வொரு படகுக்காரரும் தன் ஷாஃப்ட்தான் முதலில் என்பார். அவர்களையும் குறை சொல்ல முடியாது, ஒன்றரை மாதம் வருமானம் இல்லாமல் இருந்தவர்கள்.

அப்படி ஒரு நாள், நைனா (என் அப்பா) சாப்பிடப் போன நேரம். எனக்கு 22 வயது. ஐ.டி.ஐ.-யில் டர்னர் முடித்திருந்தேன். மூன்று தாடை சக்கை எடுத்துவிட்டு நான்கு தாடை சக் போட வேண்டும். நைனா வருவதற்குள் மாற்றி வைத்துவிடலாம் என்று நினைத்தேன். சக் வரவில்லை. பேக் கியரைப் போட்டேன், பின்னை எடுக்கவில்லை. மூன்றாவது அடியில் சக் திரும்பியது என்றுதான் நினைத்தேன். திரும்பியது சக் இல்லை.

நைனா வந்து மூடியைத் திறந்து பார்த்தார். ஒரு வார்த்தை திட்டவில்லை. "மொதல்ல ஒடஞ்ச துண்டத் தேடு. சக்கரத்துக்குள்ள மாட்டுச்சின்னா மிச்ச பல்லும் போயிடும்" என்றார். கிரீஸுக்குள் கைவிட்டு இரண்டு துண்டையும் எடுத்தேன். உடைந்த இடத்தில் வைத்துப் பார்த்து, எல்லாம் வந்துவிட்டது என்று உறுதி செய்த பிறகுதான் அவர் உட்கார்ந்தார். நீங்களும் இதை முதலில் செய்யுங்கள்.

அடுத்து விரிசல் பார்க்க வேண்டும். இதற்குப் பெரிய கருவி ஒன்றும் தேவையில்லை. உடைந்த இடத்தைச் சுற்றிச் சுத்தம் செய்து மண்ணெண்ணெய் தடவுங்கள், கால் மணி நேரம் விட்டுத் துடைத்துவிட்டு சாக்பீஸ் பொடி தேயுங்கள். விரிசல் இருந்தால் உள்ளே போன எண்ணெய் ஊறிவந்து கோடு காட்டும். ரிம்மில் அப்படிக் கோடு தெரிந்தால் நான் கீழே சொல்வது எதுவும் உங்களுக்குப் பொருந்தாது. புதுச் சக்கரம்தான்.

பக்கத்துப் பட்டறை வெல்டர் அண்ணன் நிக்கல் ராடு போட்டு ஒரு மணி நேரத்தில் தருகிறேன் என்றார். கை சுத்தமான வேலைக்காரர். ஆனாலும் நைனா வேண்டாம் என்றுவிட்டார். வார்ப்பிரும்பில் ஆர்க் பட்ட இடத்தை ஒட்டி, சட்டென்று ஆறுவதால் இரும்பு கண்ணாடிபோல் கெட்டியாகிவிடும், அரம் பிடிக்காது. ஒரு பக்கம் மட்டும் சூடேறி ஆறும்போது ரிம் விரிசல் விடும். பித்தளை கேஸ் வெல்டிங் இதைவிட நல்லது, ஏனென்றால் இரும்பு உருகும் அளவுக்குச் சூடு போகாது. அதற்கும் சக்கரத்தைக் கழற்றி, முழுவதும் சூடாக்கி, பற்ற வைத்து, சுண்ணாம்புப் பொடியிலோ சாம்பலிலோ புதைத்து ராத்திரி முழுக்க ஆறவிட வேண்டும். வெல்டிங்கில் பல் கட்டிப் பல வருடம் ஓட்டியவர்கள் இருக்கிறார்கள், இல்லை என்று சொல்லவில்லை. அவர்கள் முறையாகச் சூடாக்கி ஆறவிட்டவர்கள். அவசரத்துக்குச் செய்கிற வேலை அது இல்லை.

நைனா செய்தது ஸ்டட் வேலை, அதாவது மரை போட்ட கம்பித் துண்டுகளை இறக்கிப் பல் கட்டுவது. சக்கரத்தைக் கழற்றவே இல்லை. மெயின் சுவிட்சை இறக்கி, பெல்ட்டைக் கழற்றிவிட்டு, உடைந்த இடத்தில் எஞ்சியதைப் பல்லின் அடிவரை தட்டையாக ராவினார். சக்கரத்தின் அகலம் 38 மி.மீ. ஒரு பல்லுக்கு வரிசையாக ஐந்து துளை, 5.1 மி.மீ. டிரில், கால் இஞ்ச் பி.எஸ்.டபிள்யூ. (பழைய இங்கிலீஷ் மரை) டேப். வார்ப்பிரும்பில் டேப் போட எண்ணெய் வேண்டாம், காய்ந்த தூளாகவே வரும். இ.என்.8 எஃகுக் கம்பியில் மரை வெட்டி ஸ்டட்டுகளை இறுக்கினார். அப்புறம் நல்ல பல் ஒன்றின் வடிவத்தைத் தகரத்தில் வெட்டி அச்சாக வைத்துக்கொண்டு, பத்து ஸ்டட்டையும் அரத்தால் ராவி இரண்டு பல்லாக்கினார். எதிர்ச் சக்கரத்தில் விளக்குக் கரியை எண்ணெயில் குழைத்துத் தடவி, கையால் சுற்றிப் பார்ப்பார். கரி ஒட்டிய இடத்தில் இரண்டு இழுப்பு. மறுபடி சுற்றுவார். கடைசியில் பற்களுக்கு நடுவே ஒரு துண்டு செய்தித்தாளைக் கொடுத்துச் சுற்றினார். தாள் கிழியாமல் மடிப்புத் தடத்தோடு வெளியே வந்தபோது இரண்டாம் நாள் ராத்திரி பதினொரு மணி. ஷாஃப்டுகள் எல்லாம் 29-ஆம் தேதிக்குள் போய்ச் சேர்ந்தன.

ஸ்டட் பல்லுக்கு முழுப் பல்லின் பலம் கிடையாது என்று யாராவது சொல்ல வரலாம். எனக்கும் தெரியும். பேக் கியர் போட்டால் வெட்டின் ஆழத்தைப் பாதியாகக் குறைத்துத்தான் ஓட்டினோம். அப்படியே 12 வருடம் ஓடியது.

2015 டிசம்பர் மழையில் பட்டறைக்குள் இடுப்பளவு தண்ணீர். மோட்டார் மூழ்கியது. எப்படியும் எல்லாவற்றையும் பிரிக்க வேண்டியிருந்ததால் ஸ்பிண்டிலையும் எடுத்தோம். அப்போதுதான் அந்த இரண்டு பல்லை நிரந்தரமாக மாற்றினேன். நைனா அப்போது இல்லை. ஷேப்பர் மிஷினில் ரிம்மின் குறுக்கே புறாவால் காடி (மேலே குறுகி அடியில் விரியும் பள்ளம்) போட்டு, அதில் ஒரு இ.என்.8 கட்டையைப் பக்கவாட்டில் இறுக்கமாக அடித்து இறக்கினேன். கட்டையும் ரிம்மும் சேரும் கோட்டின் மேலேயே இரண்டு பக்கமும் கிரப் ஸ்குரூ (தலையில்லாத திருகு). அப்புறம் மில்லிங் மிஷினில், சுற்றைச் சம பாகமாகப் பிரிக்கும் டிவைடிங் ஹெட் வைத்துப் பல் வெட்டியது. உங்களுக்கு நேரம் இருந்தால் நேராக இதையே செய்யுங்கள்.

வெட்டும் முன் அளவு பாருங்கள், பலரும் இங்கேதான் ஏமாறுகிறார்கள். எங்கள் சக்கரத்தில் 64 பல், வெளிவிட்டம் எட்டேகால் இஞ்ச். பல்லோடு 2 கூட்டி விட்டத்தால் வகுத்தால் 66-க்கு 8.25, அதாவது 8 டி.பி. (டயமெட்ரல் பிட்ச், இஞ்சில் பல்லின் அளவைச் சொல்லும் கணக்கு). மி.மீ.-யில் சொல்லும் மாடூல் கணக்கில் 3.175. கையில் இருக்கிறதே என்று மாடூல் 3 கட்டரை வைத்தால் சேராது. பழைய இங்கிலீஷ் லேத் என்றால் பல்லின் கோணமும் பெரும்பாலும் பதினாலரை டிகிரியாக இருக்கும், 20 இல்லை. டி.பி. கட்டர் செட்டில் 55 பல்லிலிருந்து 134 வரைக்கும் 2-ஆம் நம்பர். மாடூல் செட்டில் நம்பர் தலைகீழாகப் போகும், அங்கே இதே சக்கரத்துக்கு 7-ஆம் நம்பர். டிவைடிங் ஹெட் நாற்பதுக்கு ஒன்று என்றால் 64 பல்லுக்கு 16 துளை வட்டத்தில் பத்துப் பத்தாக நகர்த்த வேண்டும். முதலில் கட்டரை ஒரு நல்ல பல்லிடைவெளியில் இறக்கி உட்கார வைத்து, அங்கிருந்து எண்ணி வாருங்கள். கட்டையின் நடுவிலிருந்து ஆரம்பித்தால் பல்லின் இடம் தவறிவிடும்.

உடைந்தது சின்னப் பினியனாக, 20 பல்லுக்குக் கீழே இருந்தால் இவ்வளவு கஷ்டம் வேண்டாம். புதிதாக வெட்டிக்கொள்வதே மலிவு. நான்கைந்து பல் சேர்ந்து போயிருந்தாலும் அப்படித்தான்.

இந்த வேலை முடிந்த அடுத்த வருடம், சொந்தமாக ஒரு பழைய மில்லிங் மிஷின் வாங்கக் கடன் கேட்டு ஒரு வங்கிக்குப் போனேன். மதிப்பீடு செய்ய ஒருவர் வந்தார். லேத்தை ஓட்டிக் காட்டுகிறேன் என்றேன், வேண்டாம் என்றார். எந்த வருட மாடல், பில் இருக்கிறதா, இரண்டே கேள்வி. பில் எங்கே இருக்கும்? நைனா ஏலத்தில் எடுத்த மிஷின். தாளில் "ஸ்கிராப்" என்று எழுதி, எடையைக் கிலோவில் போட்டார். அந்தத் தாளை நானே பார்த்தேன். முப்பது வருடம் ஒரு குடும்பத்துக்குச் சோறு போட்ட, இன்றைக்கும் அரை அடி நீளத்துக்கு மயிரிழை பிசகாமல் நேராகக் கடையும் மிஷின் அது. 1856-இல் ராயபுரத்திலிருந்து ரயில் விட்ட ஊர் இது. பெரம்பூர் ரயில்வே பட்டறையில் ரிட்டயர் ஆனவர்களிடம்தான் நைனா மாதிரி ஆட்கள் தொழில் படித்தார்கள். இங்கே ஒரு லேத்தின் மதிப்பை ஓட்டிப் பார்க்காமல் எழுதுகிறார்கள் என்பது எனக்கு இன்றும் ஆறவில்லை. நீங்கள் கேட்டதற்கு இது சம்பந்தமில்லை, தெரியும். எழுதிவிட்டேன், இருக்கட்டும்.

இனி சக் இறுகினால்: ராத்திரியே மரையில் மண்ணெண்ணெய் விடுங்கள். காலையில் பேக் கியரை விலக்கிவிட்டு, பெட்டின் பின்பக்கம் ஒரு தேக்குக் கட்டையை நிறுத்தி, சக்கின் தாடை அதில் மோதும்படி புல்லியைக் கையால் பின்னோக்கிச் சுண்டுங்கள். நான்கைந்து தடவையில் விட்டுவிடும். மோட்டாரைப் போட்டுச் செய்யாதீர்கள்.

பல்லை எண்ணி, வெளிவிட்டத்தை அளந்து எழுதுங்கள். 8 டி.பி.-யாக இருந்து, பல்லும் அறுபதிலிருந்து எழுபதுக்குள் இருந்தால், நைனா வெட்டிய அந்தத் தகர அச்சு என் டிராயரில் இன்னும் இருக்கிறது. கொருக்குப்பேட்டைப் பக்கம் வந்தால் அதை வைத்து நீங்களும் ஒன்று வெட்டிக்கொண்டு போகலாம்.