பழக்கம் விடுவதற்காகச் சிறையைக் கேட்கலாமா?

கேள்வி: டெக்சாஸில் இருக்கிறோம். போதை மருந்து வழக்கில் ஃபெடரல் சிறைக்குப் போய் வந்த அண்ணன் இப்போது சூப்பர்வைஸ்ட் ரிலீஸில் (சிறைக்குப் பிறகு நிபந்தனைகளோடு கோர்ட் கண்காணிப்பில் வெளியே இருக்கும் காலம்) இருக்கிறார். சிறுநீர்ப் பரிசோதனையில் இரண்டு முறை மாட்டிக்கொண்டார். அடுத்த மாதம் கோர்ட்டில் விசாரணை. "இன்னும் கொஞ்ச நாள் உள்ளே இருந்தால்தான் பழக்கம் விடும், ஜட்ஜிடமே கேட்டுவிடுவோம்" என்கிறார் அப்பா. கேட்கலாமா?

பதில்: வேண்டாம் சகோதரி. அப்பாவின் தவிப்பு புரிகிறது. ஆனால் சிகிச்சைக்காக என்று சொல்லி ஒருவரைச் சிறைக்கு அனுப்பவோ, சிறைக்காலத்தை நீட்டவோ நீதிபதிக்கு அதிகாரம் இல்லை. 2011-இல் தாப்பியா வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஒருமனதாகச் சொன்னது இது. 500 மணி நேர சிறைக்குள் நடக்கும் போதை மீட்புத் திட்டத்தில் சேரட்டும் என்று தாப்பியா என்ற பெண்ணுக்கு 51 மாதம் சிறை போட்டார்கள். அவர் அதில் சேரவே இல்லை. நீதிபதி பரிந்துரைத்த சிறைக்கும் அனுப்பப்படவில்லை. எந்தச் சிறை, என்ன திட்டம் என்பதெல்லாம் சிறைத்துறை முடிவு செய்வது. அப்பா இதை அவசியம் தெரிந்துகொள்ள வேண்டும்.

ரிலீஸை ரத்து செய்யும்போதும் இதே விதிதான் என்று உங்கள் மாநிலம் அடங்கிய ஐந்தாம் சர்க்யூட் (ஃபெடரல் அப்பீல் கோர்ட்) 2013-இல் கார்சா வழக்கில் தீர்ப்பளித்தது. ஆனால் தண்டனைக்கு மறுவாழ்வே முதன்மைக் காரணமாக இருந்தால்தான் அங்கே தவறு. நீதிபதி பேச்சோடு பேச்சாகச் சொன்னால் தவறாகாது. இன்னொன்று: பழைய குற்றத்துக்குப் போட்ட தண்டனை போதாது என்று இப்போது கூட்டவும் கூடாது. 2025-இல் எஸ்தெராஸ் வழக்கில் உச்ச நீதிமன்றமே அதைச் சொல்லிவிட்டது.

அப்படியானால் மறுவாழ்வுக்கு இந்த விசாரணையில் இடமே இல்லையா? உண்டு, வெளியே வைத்திருப்பதற்கான காரணமாக. ஓராண்டில் மூன்று முறைக்கு மேல் பாசிட்டிவ் வந்தாலோ, போதை மருந்து வைத்திருந்தது நிரூபணமானாலோ சிறை கட்டாயம் என்கிறது சட்டம். ஆனால் பரிசோதனையில் தவறியவருக்குத் தகுந்த சிகிச்சை கிடைக்கும் என்றால், விதிவிலக்கு தரலாமா என்று நீதிபதி யோசித்தே ஆக வேண்டும் என்பதும் அதே சட்டத்தில்தான் இருக்கிறது.

ஆகவே விசாரணைக்கு முன்பே ஒரு சிகிச்சை மையத்தில் இடம் பிடியுங்கள். "சேரப் போகிறார்" என்ற வாய்ச்சொல் போதாது. சேரும் தேதி, எத்தனை வாரம், செலவு யார் பொறுப்பு என்று மையமே எழுதிக் கொடுத்த கடிதம் வேண்டும். அண்ணன் இப்போதே சேர்ந்துவிட்டால் இன்னும் நல்லது. வேலை கொடுத்தவரின் கடிதம் இருந்தால் அதையும் சேர்த்து வக்கீலிடம் கொடுங்கள். அண்ணனைக் கண்காணிக்கும் புரொபேஷன் ஆபீஸருக்கும் இந்தக் கடிதங்கள் முன்கூட்டியே போகட்டும். அவர் சிகிச்சையை ஆதரித்தால் கோர்ட்டில் அதற்கு நல்ல மதிப்பு உண்டு.

அப்புறம், இதை வக்கீலிடம் இப்போதே பேசி வையுங்கள். "உன் நன்மைக்காகத்தான் இத்தனை மாதம்" என்று நீதிபதி சொன்னால், அங்கேயே எழுந்து ஆட்சேபம் பதிவு செய்ய வேண்டும். அன்று விட்டுவிட்டு அப்பீலில் கிளப்பினால், தவறு பளிச்சென்று தெரிந்தாலொழிய மேல் கோர்ட் தலையிடாது. அப்பீல் நோட்டீஸுக்கும் தீர்ப்பு பதிவான நாளிலிருந்து 14 நாள்தான் அவகாசம்.