புதைத்த தாங்கி மழைக்கு ஏன் மேலே வருகிறது?

உப்புவெளியில் இருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். புது வீட்டுக்காக 1,000 லீற்றர் பிளாஸ்டிக் செப்டிக் தாங்கி ஒன்றை ஆவணியில் புதைத்தார்களாம். வீட்டு வேலை இழுபட்டதால் பாவிக்காமல் வெறுமையாகவே கிடந்திருக்கிறது. மார்கழி மழையில் அது ஒன்றரை அடி மேலே எழும்பி, குழாயும் உடைந்துவிட்டது. "தாங்கி மெல்லிசு, தடிப்பானது வாங்கி, அடியில் கொங்கிறீட் தட்டுப் போட்டு அதற்கு மேல் வைத்தால் அசையாது" என்கிறாராம் மேசன். செய்யலாமா என்று கேட்கிறார்.

அவர் சொன்ன மாதிரியே செய்யாதீர்கள், தங்கச்சி. காசு போகும், அடுத்த மாரிக்குத் தாங்கி திரும்பவும் மேலே வரும்.

வெறும் வாளியை அடிப்பக்கமாகக் கிணற்றுத் தொட்டிக்குள் அமுக்கிப் பாருங்கள். கையை மேலே தள்ளும். ஆழம் கூடக் கூடத் தண்ணீரின் அமுக்கம் கூடும், ஒரு மீற்றர் ஆழத்தில் ஒவ்வொரு சதுர மீற்றரிலும் 1,000 கிலோ பாரம் அழுத்தும். பக்கவாட்டில் தள்ளுவது ஒன்றையொன்று சரிக்கட்டிவிடும். ஆனால் அடியில் இருந்து மேலே தள்ளுவது, மேலிருந்து கீழே தள்ளுவதைவிட எப்போதும் கூடத்தான். அந்த மிச்சம்தான் மேலுதைப்பு. அது எவ்வளவு என்றால், பொருள் விலக்கிய தண்ணீரின் நிறை அளவு. உங்கள் தாங்கி முழுக்கத் தண்ணீருக்குள் போனால் 1,000 லீற்றரை விலக்கும், அதாவது 1,000 கிலோ மேலே தூக்கும். வெறும் தாங்கி ஏறக்குறைய 30 கிலோ. தடிப்பானது வாங்கினால் பத்துப் பதினைந்து கிலோ கூடலாம், அதற்கு மேல் கூடுவது விலைதான்.

உங்கள் பக்கம் மணல் நிலம். மாரியில் நிலத்தடி நீர் காலடிக்கு வந்துவிடும். மேலே ஒரு அடி மண் போட்டோமே என்பீர்கள். ஊறிய மணல் தண்ணீருக்குள் ஏறக்குறையப் பாதிப் பாரத்தை இழந்துவிடும், தாங்கிக்கு நேர் மேலே கிடப்பது 300 கிலோ அளவுக்கும் அழுத்தாது.

கொங்கிறீட்டிலும் இதே பொறிதான். கிணற்றில் வாளி தண்ணீருக்குள் இருக்கும்வரை இலேசாக வரும், மேலே வந்தவுடன் கை இழுக்கும், பார்த்திருப்பீர்கள். ஒரு கன மீற்றர் கொங்கிறீட் தரையில் 2,400 கிலோ, தண்ணீருக்குள் 1,400 தான். 1,000 கிலோவை அமர்த்த 1,000 கிலோ கொங்கிறீட் போதும் என்று மேசன்மார் 15 கன அடி போடுவார்கள். அது தண்ணீருக்குள் 600 கிலோகூட வராது. உங்களுக்கு வேண்டியது 25 கன அடி, சரியாகக் கால் கியூப். மேல் மணலை நான் கணக்கில் சேர்ப்பதில்லை, அது காப்புக்கு இருக்கட்டும். முக்கியமானது, தட்டுக்கு மேல் தாங்கியைச் சும்மா வைத்தால் தட்டு கீழேயே கிடக்கும், தாங்கி மட்டும் கிளம்பிவிடும். கொங்கிறீட் இறுகுவதற்கு முன் கொளுக்கிகளைப் பதித்து, தாங்கியை நைலோன் பட்டியால் இழுத்துக் கட்ட வேண்டும். கட்டுக்கம்பி வேண்டாம், கடற்கரை மண்ணில் கறளேறி அறுந்துவிடும்.

கடைக்காரர் கூரைக்கு வைக்கிற சாதாரணத் தண்ணீர்த் தாங்கியையே 'இதையும் புதைக்கலாம்' என்று தலையில் கட்டுவார், ஏமாறாதீர்கள். அது உள்ளிருந்து வெளியே தள்ளும் அமுக்கத்துக்குச் செய்தது. வெளியில் இருந்து மண்ணும் தண்ணீரும் நெரித்தால் நெளிந்துவிடும். புதைக்கிறதற்கென்றே வரி வரியாகப் புடைப்பு வைத்த தாங்கி இருக்கிறது, அதைக் கேட்டு வாங்குங்கள். அப்புறம் பவுசர்காரர். மழை தொடங்கியவுடன் 'நிரம்பப் போகுது, இறைச்சு விடுவம்' என்று வருவார். மார்கழியில் இறைத்தீர்களோ, உள்ளே தாங்கியை அமர்த்தி வைத்திருந்த 1,000 கிலோவையும் காசு கொடுத்து வெளியே அனுப்புகிறீர்கள். ஊறல் குழியும் அப்போது நிலத்தடி நீரில் மூழ்கித்தான் கிடக்கும், இறைத்தும் பலன் இல்லை. இறைப்பதென்றால் கோடையில் இறையுங்கள்.

பாறைப் பக்கம் வீடு உள்ளவர்கள் 'எங்களுக்கு இது இல்லை' என்பார்கள். நிலத்தடி நீர் ஆழத்தில் இருப்பது உண்மைதான். ஆனால் பாறையை உடைத்து வெட்டிய குழி ஒரு சட்டி மாதிரி. கூரைத் தண்ணீர், வளவுத் தண்ணீர் எல்லாம் நிரப்பிய மண்ணுக்குள் இறங்கும், வெளியே போக வழி இருக்காது. அண்டா கணக்கில் தேவையில்லை, சுற்றியுள்ள இடுக்கு நிரம்பினாலே போதும், மேலுதைப்பு அப்படியே 1,000 கிலோதான். நம்பமாட்டார்கள். ஒரு மலைச்சரிவு வீட்டில் நானே போய்ப் பார்த்தேன், கிணறு முப்பது அடியில், தாங்கியோ முற்றத்தில் சாய்ந்து நிற்கிறது! அதனால் பாறை நிலத்திலும் கட்டத்தான் வேண்டும், அல்லது குழியின் அடியில் இருந்து சரிவுப் பக்கம் வடிகுழாய் விட வேண்டும். உப்புத் தண்ணீர்தான் தூக்குகிறது என்ற கதையும் உண்டு. கடல்நீரே லீற்றருக்கு 25 கிராம்தான் கூட, உங்கள் தாங்கிக்கு 25 கிலோ வித்தியாசம்.

அனுமதி கேட்டுப் போனால் குழிக்கும் கிணற்றுக்கும் எத்தனை அடி என்று கேட்பார்கள், தேவையான கேள்விதான். மாரியில் தண்ணீர் எந்த மட்டம் என்று எவரும் கேட்பதில்லை. ஆக்கிமிடிஸ் இதைச் சொல்லி 2,200 வருசத்துக்கு மேல் ஆகிறது, படிவத்துக்கு இன்னும் வந்து சேரவில்லை.

இப்போது எழும்பி நிற்கிற தாங்கியைத் தண்ணீர் ஊற்றி அமர்த்தப் பார்க்காதீர்கள், அடியில் மணல் சரிந்து புகுந்திருக்கும். ஆவணியில் தோண்டி எடுத்து, தட்டுப் போட்டுக் கட்டி, மண் நிரப்ப நிரப்ப உள்ளேயும் அதே மட்டத்துக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டே வாருங்கள். பாவனைக்கு வரும்வரை நிறைத்தே வையுங்கள். அதற்கு முன் இன்றைக்கே ஒரு வேலை: கிணற்றில் தண்ணீர் நிற்கிற மட்டத்தில் உள்சுவரில் பெயின்றால் ஒரு கோடு போடுங்கள். ஆவணியில் மேசன் வந்து "இங்கே எங்கே தண்ணி?" என்று கேட்பார், அப்போது அந்தக் கோட்டைக் காட்டலாம்.